லாரி வந்தது, வேலை போச்சு, அங்கிள் டேவ் மேடை ஏறினாரு



ஃபைனல் இயர் வந்துட்டா ஹாஸ்டல்ல, கேன்டீன்ல, வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரே டாபிக்தான். எந்த வேலையை ஏஐ சாப்பிடும், எந்த வேலை தப்பிக்கும், நாம நாலு வருஷம் படிச்சது இன்னும் எத்தனை வருஷத்துக்குச் செல்லும்? நீங்களும் ஒரு நாளாவது இந்தக் கேள்வியோட தூங்கப் போயிருப்பீங்க. அதனால இந்த இதழ்ல உங்களை ஒரு நூறு வருஷம் பின்னாடி கூட்டிட்டுப் போறேன்.

1920. அமெரிக்காவோட டென்னசி மாநிலம். ஒருத்தர் இருபது வருஷமா கட்டி வளர்த்த தொழிலை ஒரு மெஷின் முழுசா எடுத்துக்கிச்சு. அந்த வருஷம் அவருக்கு ஐம்பது வயசு. நம்ம ஊர் கணக்குல சொன்னா ரிட்டயர்மென்ட் பத்தி யோசிக்க ஆரம்பிக்கிற வயசு. ஆனா அவரை இன்னைக்கு உலகம் ஞாபகம் வெச்சிருக்கிறது அதுக்கப்புறம் அவர் செஞ்ச வேலைக்காகத்தான். அமெரிக்க ரேடியோவோட முதல் பெரிய நாட்டுப்புற ஸ்டார்கள்ல ஒருத்தர் அவர். பேரு அங்கிள் டேவ் மேக்கன். ஆமா, ஊரே அவரை அங்கிள்னுதான் கூப்பிட்டது.

ஹோட்டல்ல வளர்ந்த பையன்

முழுப்பெயர் டேவிட் ஹாரிசன் மேக்கன். 1870 அக்டோபர் 7-ஆம் தேதி டென்னசியில மெக்மின்வில் பக்கத்துல ஸ்மார்ட் ஸ்டேஷன் என்கிற சின்ன ஊர்ல பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சு அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா ஜான் மேக்கன் அந்தப் போர்ல தெற்கு மாநிலங்களோட படையில கேப்டனா இருந்தவர்.

டேவ் சிறுவனா இருக்கும்போது குடும்பம் நாஷ்வில் நகரத்துக்கு வந்து ஒரு ஹோட்டல் நடத்த ஆரம்பிச்சது. அந்த ஹோட்டல்ல தங்க வந்தவங்க சாதாரண ஆளுங்க இல்ல. சர்க்கஸ்காரங்க, நாடகக்காரங்க, மேடையில ஜோக் சொல்றவங்க, பாட்டுக்காரங்க. ஒரு பதினாலு வயசுப் பையனுக்கு இதைவிட நல்ல ஸ்கூல் எங்க கிடைக்கும்? 1885-ல ஊருக்கு வந்த ஒரு சர்க்கஸ்ல ஜோயல் டேவிட்சன் என்கிற காமெடியன் பேஞ்சோ வாசிச்சுக்கிட்டே கூட்டத்தைச் சிரிக்க வெச்சதை டேவ் பார்த்தார். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அடம். அம்மாவும் ஒரு பேஞ்சோ வாங்கிக் கொடுத்தாங்க.

அடுத்த வருஷமே குடும்பம் இடிஞ்சு போச்சு. 1886-ல அவங்க அப்பாவை அந்த ஹோட்டல் பக்கத்துலயே ஒருத்தன் கொன்னுட்டான். அம்மா ஹோட்டலை வித்துட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரெடிவில் என்கிற கிராமத்துக்குப் போய், வழிப்போக்கர்கள் இறங்கி இளைப்பாறுற ஒரு குதிரைவண்டி நிறுத்தத்தை நடத்தினாங்க. டேவ் அங்க இருந்த களஞ்சியத்து மேல தானே ஒரு சின்ன மேடை கட்டி, வண்டியில வந்து இறங்குற பயணிகளுக்கு வாசிச்சுக் காட்டினார். காசு கிடையாது. அப்பாவை இழந்த ஒரு பையன், முன்பின் தெரியாதவங்களைச் சிரிக்க வைக்கக் கத்துக்கிட்டது அந்த மேடையிலதான்.

பேஞ்சோ, ஃபிடில்: ஒரு நிமிஷ டெக்னிக்கல் பிரேக்

கதைக்குள்ள இன்னும் போறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு வாத்தியத்தையும் தெரிஞ்சுக்கோங்க.

பேஞ்சோன்னதும் நம்ம ஊர்ல பட்டன் அமுக்கி வாசிக்கிற பெட்டி ஞாபகம் வந்தா, அதை மறந்துடுங்க. இது வேற. ஒரு வட்ட வளையத்துல டிரம் மாதிரி தோலை இழுத்துக் கட்டியிருப்பாங்க. அதுல இருந்து நீளமா ஒரு கழுத்து. அஞ்சு கம்பி. கம்பியோட அதிர்வு மரப்பெட்டிக்குப் போகாம நேரா தோலுக்குப் போறதால சத்தம் டப்புனு கிளம்பி டக்குனு அடங்கிடும். கிடார் மாதிரி இழுக்காது. அஞ்சாவது கம்பி மட்டும் மத்ததைவிடக் குட்டை. அது கழுத்தோட பாதியில இருந்துதான் தொடங்கும். கட்டைவிரல் அதைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கிட்டே இருக்கும். அதனால ஒரே சுருதி பின்னாடி விடாம மணி மாதிரி கேட்கும்.

ஃபிடில்னா வேற ஒண்ணுமில்ல, வயலின்தான். கிராமத்து நடனத்துக்கு வாசிச்சா அதுக்குப் பேரு ஃபிடில். வில்லால இழுக்குறதால அதோட சத்தம் நீளமா ஓடும். இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு இழுக்கும், இன்னொண்ணு தட்டும். ஒண்ணு மெட்டைத் தூக்கிக்கிட்டுப் போகும், இன்னொண்ணு தாளத்தையும் மெட்டோட எலும்பையும் பிடிச்சுக்கும். ரெண்டே பேர் இருந்தா போதும், ஒரு வீடு முழுக்க ஆட வைக்கலாம். கிடார் கிராமங்களுக்குப் பரவலா வந்து சேர்றதுக்கு முன்னாடி அமெரிக்கத் தெற்குல பல இடங்கள்ல இந்த ஜோடிதான் பேண்ட்.

இன்னொரு விஷயத்தையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும். ஃபிடில் ஐரோப்பாவுல இருந்து வந்தது. பேஞ்சோவோட வேர் மேற்கு ஆப்பிரிக்கா. அடிமைகளா பிடிச்சுக்கிட்டு வரப்பட்ட மக்கள் தங்களோட ஞாபகத்துல இருந்து அமெரிக்க மண்ணுல செஞ்ச வாத்தியம் அது.

வண்டிக் கம்பெனி

1889-ல டேவ், மெடில்டா ரிச்சர்ட்சன் என்கிற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு கிட்ரெல் என்கிற ஊர்ல விவசாயம் பார்க்கப் போயிட்டார். வரிசையா ஆண் பிள்ளைகள். விவசாயம் மட்டும் போதல. 1900 வாக்குல ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஆரம்பிச்சார். பேரைக் கேளுங்க: மேக்கன் மிட்வே மியூல் அண்ட் மிட்செல் வேகன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி. மியூல்னா கோவேறு கழுதை. மிட்செல்னா வண்டியோட பிராண்ட். இன்னைக்கு ஸ்டார்ட்அப்புக்கு இப்படிப் பேரு வெச்சா டொமைன் நேம்ல டைப் பண்றதுக்குள்ள கஸ்டமர் ஓடிடுவாங்க!

வேலை ரொம்ப சிம்பிள். மர்ஃப்ரீஸ்பரோ டவுனுக்கும் உட்பரி டவுனுக்கும் நடுவுல சரக்கு ஏத்தி இறக்கணும். தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பைக்ல போனா உங்களுக்கு அரை மணி நேரம். சுமை ஏத்தின கழுதை வண்டி மணிக்கு நாலஞ்சு கிலோமீட்டருக்கு மேல போகாது. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு பக்கம் போறதுக்கே பகல் பூரா ஆகும். அதுவும் அந்தக் காலத்து மண் ரோட்டுல, மழை நாள்ல, சேத்துல.

அந்த நீளமான பகலை டேவ் பாட்டால ரொப்பினார். வண்டி ஓட்டிக்கிட்டே பாடுவார். நிறுத்துற இடத்துல பேஞ்சோவை எடுத்து வாசிப்பார். வழியில இருந்த வீட்டுக்காரங்களுக்கு மேக்கனோட வண்டி வர்றது கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே காதுக்குத் தெரிஞ்சிடும். சரக்குக்குத்தான் கூலி. பாட்டு இலவசம். கூடவே வழியில காதுல விழுந்த பாட்டையெல்லாம் சேர்த்துக்கிட்டே போனார். சர்ச் பாட்டு, நாடகப் பாட்டு, கறுப்பினத் தொழிலாளிங்க வேலை செய்யும்போது பாடின பாட்டுன்னு எதையும் விடல. இருபது வருஷம் இப்படியே ஓடுச்சு. இந்த இருபது வருஷத்துல அவர் தன்னை ஒரு கலைஞன்னு எங்கயும் சொல்லிக்கிட்டதில்ல. அவர் ஒரு வண்டிக்காரர், விவசாயி. பேஞ்சோ ஒரு பழக்கம்.

லாரி வந்தது

முதல் உலகப் போர் லாரியை நல்லா டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுச்சு. போர் முடிஞ்சதும் அது சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. 1920-ல அதே ரூட்ல சரக்கு ஏத்த மோட்டார் வண்டி வந்தது. கழுதைக்கு ஒரு நாள், லாரிக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம். நாம இன்ஜினியரிங் பசங்க, யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம்.

டேவ் லாரி வாங்கிப் போட்டி போடல, கம்பெனியை மூடிட்டார். கார், லாரி மேல அவருக்கு இருந்த கோபம் கடைசி வரைக்கும் முழுசாப் போகல. அவர் கார் ஓட்டக் கத்துக்கவே இல்லன்னு சொல்வாங்க. பின்னாடி ஊர் ஊரா கச்சேரிக்குப் போனப்பவும் கூட வந்த இளைஞர்கள்தான் ஸ்டியரிங் பிடிச்சாங்க.

இங்க ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடணும். வேலை போன மறுநாளே அவர் பேஞ்சோவைத் தூக்கிக்கிட்டுக் கனவைத் துரத்திப் போனார்னு நினைச்சுக்காதீங்க. அவருக்கு நிலம் இருந்தது, வளர்ந்த பிள்ளைகள் இருந்தாங்க. சாப்பாட்டுக்குக் கவலை இல்லாததால கொஞ்சம் காத்திருக்க முடிஞ்சது. 1921-ல மாரிசன் என்கிற ஊர்ல ஒரு மெதடிஸ்ட் சர்ச்சுக்குக் கதவு போடப் பணம் தேவைப்பட்டது. அதுக்காக நடத்தின நிகழ்ச்சியிலதான் அவர் முதல் முறையா டிக்கெட் வாங்கின கூட்டத்துக்கு முன்னாடி வாசிச்சார். வசூல் 17 டாலர். அந்தப் பணமும் சர்ச்சுக்குத்தான் போச்சு.

சலூன்ல கிடைச்ச ஜோடி

அடுத்த திருப்பம் நாஷ்வில்ல ஒரு சலூன்ல நடந்தது. அந்தக் காலத்து சலூன்னா ஊர் மன்றம் மாதிரி. முடி வெட்டுறவங்களைவிட உட்கார்ந்து பேசுறவங்கதான் அதிகம். அங்க டேவ் பேஞ்சோ வாசிச்சுக்கிட்டு இருந்தப்ப ஃபிடில் வாசிக்கிற ஒரு இளைஞர் வந்தார். பேரு சிட் ஹார்க்ரீடர். டேவைவிட 28 வயசு சின்னவர். ரெண்டு பேரும் அங்கயே சேர்ந்து வாசிச்சுப் பார்த்தாங்க. செட் ஆயிடுச்சு.

ஏன் செட் ஆச்சுன்னு அவங்க பதிவுகளைக் கேட்டாலே புரியும். டேவ் ஒரு புயல். பாட்டு நடுவுல கத்துவார், சிரிப்பார், காலால தரையை உதைப்பார், கதை சொல்வார். மேடையில பேஞ்சோவைத் தூக்கிச் சுத்துவார், கால் நடுவுல விட்டு வாசிப்பார். தங்கப் பல், ஆட்டுத்தாடி, பெரிய தொப்பி, வெயிஸ்ட் கோட். வெவ்வேற சுருதி வெச்ச பேஞ்சோக்களை வரிசையா மேடையில வெச்சிருப்பார். பார்க்க கோமாளி மாதிரி இருந்தாலும் விரல் வித்தை விளையாட்டு இல்ல. கையை நகம் மாதிரி வளைச்சுக் கீழ் நோக்கி அடிக்கிற பழைய ஸ்டைல், ரெண்டு விரலால மேல் நோக்கி மீட்டுற ஸ்டைல்னு பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டே இருப்பார்.

இப்படி ஒரு ஆளோட வாசிக்கிறவர் அவரோட போட்டி போட்டா பாட்டு சந்தைக்கடை ஆயிடும். சிட் போட்டி போடல. டேவ் எங்க தாவினாலும் மெட்டு கீழ விழாம பிடிச்சுக்கிட்டார். குரல் நிக்கிற இடத்துல ஃபிடில் மேல வரும், குரல் வந்ததும் அது கீழ இறங்கிடும். புராஜெக்ட் டீம்ல இருக்கிற நமக்கு இது தெரியும். பிரசன்டேஷன் பண்றவனை எல்லாருக்கும் தெரியும், கோடு உடையாம பார்த்துக்கிறவனை யாருக்கும் தெரியாது. சிட் ஹார்க்ரீடர் அந்த ரெண்டாவது ஆள்.

நியூயார்க், ஒரு புனல், மெழுகுத்தட்டு

1924 ஜூலையில இந்த ரெண்டு பேரும் நியூயார்க் போய் வொகேலியன் கம்பெனிக்குப் பாட்டுப் பதிவு பண்ணாங்க. ஏற்பாடு பண்ணது யாருன்னு நினைக்கிறீங்க? ஒரு ஃபர்னிச்சர் கடை! டென்னசியில நாக்ஸ்வில்லோட ஸ்டெர்ச்சி பிரதர்ஸ். அப்ப கிராமபோன்னா அது ஒரு மர சாமான். கட்டில், அலமாரி விக்கிற கடையிலதான் அதையும் விப்பாங்க. மெஷின் வாங்கினவனுக்குத் தட்டு வேணும். அவனோட ஊர்ப் பாட்டுத் தட்டா இருந்தா இன்னும் நல்லா விக்கும். கன்டென்ட் இல்லாம டிவைஸ் விக்காது என்கிறது அப்பவே தெரிஞ்ச பிசினஸ் மாடல்தான்.

அந்தப் பதிவு நடந்தப்ப மைக் இல்ல. மைக் வெச்சு எலெக்ட்ரிக்கலா பதிவு பண்ற முறை அடுத்த வருஷம் 1925-லதான் கம்பெனிகளுக்கு வந்தது. 1924-ல ஒரு பெரிய உலோகப் புனலுக்கு முன்னாடி நின்னு வாசிக்கணும். உங்க சத்தத்தோட அழுத்தமே ஒரு தகட்டை ஆட்டி, அதோட சேர்ந்த ஊசி சுத்துற மெழுகுத்தட்டுல கீறும். ஆம்ப்ளிஃபையர் கிடையாது, எடிட்டிங் கிடையாது. ஏறக்குறைய மூணு நிமிஷம்தான் இடம். தப்பு பண்ணா அந்த மெழுகு வேஸ்ட், மறுபடி முதல்ல இருந்து. மெல்லிய சத்தம் புனலுக்குள்ள காணாமலே போயிடும். பேஞ்சோ மாதிரி கூர்மையாக் கிளம்புற வாத்தியம் அதுல அழகாப் பதியும். வண்டிச் சத்தத்தை மீறிப் பாடிப் பழகின குரலுக்கும் அந்தப் புனல் ஒரு பிரச்சினையே இல்ல. 53 வயசுல முதல் பதிவு. அங்க இருந்து 1938 வரைக்கும் அவர் பதிவு பண்ணது 170 பாட்டுக்கும் மேல.

அலையில ஏறின வண்டிக்காரர்

1925 அக்டோபர்ல நாஷ்வில்ல டபிள்யூ.எஸ்.எம். என்கிற ரேடியோ ஸ்டேஷன் தொடங்குச்சு. நடத்தினது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. அடுத்த மாசமே ரைமன் அரங்கத்துல போலீஸ்காரங்க நலநிதிக்காக நடந்த நிகழ்ச்சியை அந்த ஸ்டேஷன் ஒலிபரப்புச்சு. அதுல வாசிச்சவங்கள்ல டேவும் சிட்டும் உண்டு. சீக்கிரமே சனிக்கிழமை ராத்திரி நிகழ்ச்சி ஒண்ணு அங்க உருவாச்சு. 1927-ல அதுக்கு கிராண்ட் ஓல் ஆப்ரின்னு பேரு வந்தது. இன்னைக்கும் நடந்துக்கிட்டு இருக்கிற நிகழ்ச்சி அது. ஆரம்பத்துல அங்க வந்தவங்கள்ல பாதிப் பேர் பகல்ல வேற வேலை பார்த்தவங்க. மேடைக்காரரா முழுசாத் தயாரா வந்து நின்ன முதல் ஸ்டார் அங்கிள் டேவ்தான். தயாரா இருக்காம என்ன? கழுதை வண்டியிலயும் களஞ்சிய மேடையிலயும் முப்பத்தஞ்சு வருஷ ரிகர்சல் முடிச்சிருந்தாரே!

1932-ல அந்த ஸ்டேஷன் 50,000 வாட் சக்திக்கு மாறுச்சு. அதுக்காக நட்ட டவரோட உயரம் 878 அடி. இப்ப அந்த 30 கிலோமீட்டர் ரோட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. ஒரு பகல் பூரா போனாலும் அந்த ரோட்டோர வீடுகளுக்கு மட்டும் கேட்ட குரல், இப்ப சனிக்கிழமை ராத்திரி பல மாநிலங்களுக்கு ஒரே நேரத்துல போய்ச் சேர்ந்தது. அவரோட வண்டியை நிறுத்தினதும் டெக்னாலஜிதான், அவர் குரலைத் தூக்கிக்கிட்டுப் போனதும் டெக்னாலஜிதான். ஒண்ணு எடுத்ததுக்கும் இன்னொண்ணு கொடுத்ததுக்கும் நடுவுல அஞ்சு வருஷம்தான் இடைவெளி.

எல்லாருக்கும் அந்த அஞ்சு வருஷம் கிடைக்கல

இத்தோட நிறுத்தினா இது ஒரு மோட்டிவேஷன் ரீல் ஆயிடும். அதனால இன்னொருத்தரைப் பத்தியும் படிங்க.

அதே ஆப்ரி மேடையில டிஃபோர்ட் பெய்லின்னு ஒரு ஹார்மோனிகா கலைஞர் இருந்தார். ரயில் ஓடுற சத்தத்தை வாயால வாசிச்சுக் காட்டினவர். அவரும் அந்த நிகழ்ச்சியோட ஆரம்ப கால ஸ்டார்தான். கறுப்பினத்தவர். டேவோட சேர்ந்து ஊர் ஊரா கச்சேரிக்குப் போயிருக்கார். இனப் பாகுபாடு சட்டமாவே இருந்த தெற்குல பல ஹோட்டல்கள் அவருக்கு ரூம் தராது. டேவ் அவரைத் தன்னோட வேலைக்காரர்னு சொல்லி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போவாராம். நல்ல மனசுதான். ஆனா அதே மேடையில கைதட்டல் வாங்கின ஒருத்தர் தூங்க இடம் கிடைக்க இன்னொருத்தரோட வேலைக்காரரா நடிக்க வேண்டியிருந்தது. 1941-ல ஆப்ரி அவரை வெளியே அனுப்பிடுச்சு. அதுக்கப்புறம் நாஷ்வில்ல ஷூ பாலிஷ் கடை நடத்தித்தான் அவர் பிழைச்சார்.

பேஞ்சோ எங்க இருந்து வந்ததுன்னு முன்னாடியே சொன்னேன் இல்லையா? டேவோட பல பாட்டுகள் கறுப்பினத் தொழிலாளிங்ககிட்ட இருந்து அவர் கேட்டுக் கத்துக்கிட்டவை. டென்னசி நிலக்கரிச் சுரங்கத்துல கைதிகளை வாடகைக்கு விட்டு வேலை வாங்கினதைப் பத்தி அவர் 1928-ல பதிவு பண்ண ஒரு பாட்டு இன்னைக்கும் பேசப்படுது. அதே சமயம் கறுப்பின மக்களை இழிவு பண்ற வார்த்தைகளோட இருக்கிற பழைய நாடகப் பாட்டுகளையும் அவர் பதிவு பண்ணியிருக்கார். அதைக் கேட்டா இன்னைக்கு முகம் சுளிக்கத்தான் செய்வீங்க. சுளிக்கவும் வேணும். ரெண்டும் ஒரே ஆளோட தட்டுகள்தான். வாத்தியத்தைக் கொடுத்தவங்களுக்கும் பாட்டைக் கொடுத்தவங்களுக்கும் மேடையில சம இடம் கிடைக்கல. அதைச் சொல்லாம அவரைக் கொண்டாட முடியாது.

லாரியோட சண்டை, ஃபோர்டுக்குப் பாட்டு

1928-ல டேவ் தன் வண்டிக்கார வாழ்க்கையையே ஒரு பாட்டாப் பதிவு பண்ணார். லாரியெல்லாம் போன பிறகும் நான் இங்க இருப்பேன்னு சவால் விடுற பாட்டு. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1926-ல, ஹென்றி ஃபோர்டோட காரைக் கொண்டாடி ஒரு பாட்டு பதிவு பண்ணவரும் அவரேதான்! முரண்பாடா? அப்படித் தெரியல எனக்கு. மெஷின் தன் சோத்தைப் பறிச்சதும் உண்மை, அது ஊருக்கு நல்லதும் பண்ணுச்சு என்கிறதும் உண்மை. ஒரு மனுஷன் ரெண்டையும் ஒரே மனசுல வெச்சுக்கலாம். ஏஐ டூலை வெச்சு அசைன்மென்ட் முடிச்சுட்டு அதே ஏஐயை நினைச்சுப் பயப்படுற நமக்கு இது புரியாதா என்ன?

வயசானதும் பெரிய ஜோடிகள் மாறிப்போச்சு. சிட் ஹார்க்ரீடர் தனியாவும் மத்தவங்களோடயும் பதிவு பண்ணப் போனார். டேவோட சாம் மெகீ, கர்க் மெகீ சகோதரர்கள் வாசிச்சாங்க. கடைசி வருஷங்கள்ல மகன் டோரிஸ் கிடாரோட பக்கத்துல நின்னார். 1940-ல ஆப்ரி பேர்லயே வந்த சினிமாவுல அப்பாவும் மகனும் வாசிக்கிற காட்சியை இன்னைக்கும் நீங்க பார்க்கலாம். எழுபதை நெருங்கின ஒரு தாத்தா பேஞ்சோவைச் சுழற்றுற வேகத்தைப் பாருங்க. 1940-கள்ல ரசனை மாறி, எலெக்ட்ரிக் கிடாரும் சோகப் பாடகர்களும் வந்தாச்சு. அவர் பழைய பாணியை மாத்தவும் இல்ல, மேடையை விடவும் இல்ல. 1952 மார்ச் 1-ல கடைசியா வாசிச்சார். மூணு வாரம் கழிச்சு, மார்ச் 22-ல, மர்ஃப்ரீஸ்பரோவுல இறந்தார். வயசு 81. அவர் சரக்கு ஏத்தின அதே ஊர்.

அதே 1952-ல ஹாரி ஸ்மித் என்பவர் பழைய தட்டுகளைத் தொகுத்து ஒரு பெரிய ஆல்பம் வெளியிட்டார். அதுல டேவோட பாட்டுகளும் இருந்தது. அடுத்த தலைமுறை நாட்டுப்புற இசைக்காரங்களுக்கு அந்த ஆல்பம்தான் பாடப்புத்தகம். 1966-ல கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல அவர் பேரு சேர்ந்தது. டிஃபோர்ட் பெய்லி பேரு அங்க சேர 2005 வரைக்கும் ஆச்சு. அப்ப அவர் உயிரோட இல்ல.

சரி, நமக்கு என்ன?

வேலை போனா கவலைப்படாதீங்க, பேஷனைத் துரத்துங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. டேவுக்கு நிலம் இருந்தது, சரியான நேரத்துல ரேடியோ வந்தது, அவரோட நிறத்துக்கு ஹோட்டல் கதவு திறந்தது. இதெல்லாம் இல்லாத எத்தனையோ வண்டிக்காரங்க 1920-ல தொழிலை இழந்திருப்பாங்க. அவங்க பேரு நமக்குத் தெரியாது.

நான் கவனிச்சது வேற ஒண்ணு. அந்த ரூட்ல டேவ் ரெண்டு வேலை பார்த்தார். ஒண்ணு சரக்கைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. அதை லாரி அவரைவிட நல்லாப் பண்ணுச்சு, எடுத்துக்கிச்சு. இன்னொண்ணு, வழியில இருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக் கொஞ்சம் லேசாக்குறது. அதுக்கு யாரும் கூலி கொடுக்கல, ரெஸ்யூமேலயும் போட முடியாது. லாரியால எடுத்துக்க முடியாம மிச்சம் இருந்தது அது மட்டும்தான். ஆனா லாரி வந்தப்புறம் அவர் அதைக் கத்துக்கத் தொடங்கல. பதினாலு வயசுல இருந்து தினமும் பண்ணிக்கிட்டே இருந்தார்.

இன்னைக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டி, அவரும் சிட் ஹார்க்ரீடரும் 1924-ல பதிவு பண்ண பாட்டு ஏதாவது ஒண்ணைத் தேடிக் கேளுங்க. முதல் பத்து செகண்ட் கரகரப்பாத்தான் இருக்கும். பொறுத்துக்கோங்க. அப்புறம் அந்தக் குரல் வரும், அது கீழ விழாம தாங்கிக்கிற ஃபிடில் வரும். கேட்டுட்டு உங்க குரூப்ல நீங்க டேவா, சிட்டான்னு கமென்ட்ல சொல்லுங்க. நான் சிட்!